‘ஆழமா மூச்சு இழு’ என்கிறார்களே, இழுத்தால் எனக்குப் பதற்றம் கூடுகிறது, ஏன்?

#1 மேசைவிளக்கு

என் வேலை, சர்வர் படுத்துவிட்டால் எழுப்புவது. நள்ளிரவில் அழைப்பு வரும், லைனில் ஏற்கெனவே ஒரு கூட்டம் காத்திருக்கும், அதில் பாதிப் பேர் மேலதிகாரிகள், “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்” என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் தப்பான கட்டளை ஒன்றைத் தட்டிவிட்டால் இருக்கிற தரவும் போய்விடும். வேலை தெரியாமல் இல்லை, பகலில் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் அந்தச் சூழலில் நெஞ்சு படபடக்கும், திரையில் இருப்பதைப் படித்தாலும் மண்டையில் ஏறாது.

எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “ஆழமா மூச்சு இழுத்து விடு.” சரி என்று நெஞ்சு நிறைய இழுத்தால் கொஞ்ச நேரத்தில் தலை லேசாகச் சுற்றுகிறது, விரல் நுனி குறுகுறுக்கிறது, முன்பைவிட மோசம். அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்கள் செய்வார்களே, அந்தப் பெட்டி மூச்சும் (நாலு எண்ணி இழு, நாலு எண்ணி அடக்கு, நாலு எண்ணி விடு, நாலு எண்ணிச் சும்மா இரு) பார்த்தாயிற்று. அடக்கும்போது இதயம் காதுக்குள் உட்கார்ந்து அடிக்கிற மாதிரி கேட்கிறது.

தியானம் செய், வேலையை மாற்று என்ற அறிவுரை எல்லாம் வேண்டாம் சகோக்களே. கட்டளையைத் தட்டுவதற்கு முன்னால் எனக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் உருப்படியாக எதுவும் செய்ய முடியுமா, இல்லை இது சும்மா பேச்சுக்குச் சொல்வதா?

#2 மூன்றாவது_ஷிப்ட்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். நீங்கள் சொல்கிற தலைசுற்றலும் விரல் குறுகுறுப்பும் நாங்கள் அடிக்கடி பார்ப்பவைதான். பயந்துபோய் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதேதான் இருக்கும்.

பதற்றம் வந்தாலே உடம்பு தேவைக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் நீங்களும் “ஆழமாக” இழுத்தால் இன்னும் அதிகக் காற்று உள்ளே போய் வருகிறது. ஆக்சிஜன் அதனால் கூடிவிடாது, ஏனென்றால் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் அது ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பித்தான் இருக்கும். கூடுவதற்கு இடம் எங்கே? ஆனால் கார்பன் டை ஆக்சைடு மட்டும் மளமளவென்று வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், யோசனை மங்கும். ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் ஏறி, அதில் தனித்துத் திரியும் கால்சியம் குறையும், அதனால்தான் விரலிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு.

ஆக, உங்களுக்கு வேண்டியது பெரிய மூச்சு இல்லை. மெதுவான மூச்சு, அதிலும் வெளியே விடுவது நீளமாக இருக்கிற மூச்சு. இழுப்பதைப் பற்றிக் கவலையே படாதீர்கள். முதலில் விடுங்கள். முழுசாக விட்டுவிட்டால் உள்ளே வருவது தானாக வரும்.

#3 மேசைவிளக்கு

நன்றி அக்கா. ஆனால் ஒரு குழப்பம். பதற்றத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி, காற்றுப் போதாத மாதிரிதானே இருக்கிறது? அப்போது போய் குறைவாக மூச்சு விடு என்றால் எப்படி?

#4 மூன்றாவது_ஷிப்ட்

அந்த ‘போதவில்லை’ என்ற உணர்வு வருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் இல்லை. மூச்சு விடத் தூண்டுவது முக்கியமாக கார்பன் டை ஆக்சைடின் அளவுதான். அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு மார்புத் தசைகள் இறுகிப் போயிருக்கும், நுரையீரல் பாதி நிரம்பிய நிலையிலேயே மேலே மேலே இழுத்துக்கொண்டிருப்பார், அதனால் எவ்வளவு இழுத்தாலும் திருப்தி வராது. நிரம்பின குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுகிற கதை. கீழே கொட்டினால்தான் இடம் வரும்.

இப்படிச் செய்து பாருங்கள். உதட்டைக் கொஞ்சம் குவித்துக்கொண்டு (மெழுகுவர்த்திச் சுடரை அணைக்காமல் ஆட்டி வைக்கிற அளவு காற்று போதும்) ஆறு வரை எண்ணி வெளியே விடுங்கள். வாயை மூடுங்கள். மூக்கு வழியாக, சத்தம் வராமல், மூன்று அல்லது நாலு எண்ணி உள்ளே. தோள் மேலே ஏறக் கூடாது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்தால் போதும். அடக்க வேண்டாம். பெட்டி மூச்சு ஒத்துவருகிறவர்களுக்கு நல்லதுதான், உங்களுக்கு அடக்கினால் படபடப்பு தெரிகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி ஆகும். உங்கள் அரை நிமிடத்தில் மூன்று சுற்று.

இன்னொன்று, காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதற்றம் என்று நினைத்தது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

#5 நாணொலி

வில்வித்தைப் பயிற்சி செய்கிறவன் என்பதால் இங்கே மூக்கை நுழைக்கிறேன்.

வெளிமூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவாகும், வெளியே விடும்போது கொஞ்சம் தளரும். வயது குறைந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், வயது ஏற ஏறக் குறையும். 1847-இலேயே கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் இதைப் பதிவு செய்துவிட்டார். காரணம் வேகஸ் நரம்பு. அதுதான் இதயத்துக்கு பிரேக். மூச்சு இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, விடும்போது அழுத்துகிறது. வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கில் கால் இருக்கிற நேரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். வேகஸ் அனுப்பும் செய்தி ஓரிரு துடிப்புக்குள் இதயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்ட அட்ரினலின் கரைய சில நிமிடங்கள் ஆகும். அதனால் மூன்று மூச்சு விட்டதும் படபடப்பு நின்றதா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்காதீர்கள், நின்றிருக்காது. ‘ஐயோ, இது வேலை செய்யவில்லையே’ என்ற அடுத்த பதற்றம் அங்கேதான் தொடங்குகிறது. நிறைய பேர் கைவிடும் இடம் அது.

பனிச்சறுக்கோடு துப்பாக்கி சுடுகிற பயத்லான் போட்டி பார்த்திருக்கிறீர்களா? மூச்சிரைக்கச் சறுக்கிக்கொண்டு வந்து, 50 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர். யாரும் அங்கே இதயம் அமைதியாகட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள், காத்திருந்தால் போட்டி போய்விடும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன இடைவெளியில் சுடுவார்கள். படபடப்பு இருக்கட்டும், அதோடு சேர்ந்தே வேலை செய்யலாம் என்பதுதான் அவர்கள் பழகுவது.

#6 சந்தேகப்பேர்வழி

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூச்சுப் பயிற்சி என்றதும் ஆளாளுக்குக் கடை விரிக்கிறார்கள், அதனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன்.

2023-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 400 பேர். பாதிப் பேருக்கு நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு, மீதிப் பேருக்குப் போலிப் பயிற்சியாக நிமிடத்துக்கு 12 மூச்சு, அதாவது ஏறக்குறைய சாதாரண வேகம். நாளுக்குப் பத்து நிமிடம், நாலு வாரம். முடிவு? இரண்டு குழுவுமே கொஞ்சம் தேறியது, இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. ஆக, உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்ததால் வந்த பலனை மெதுவான மூச்சின் பலன் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமோ?

அதே வருடம் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த ஆய்வைத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள், நீளமாகப் பெருமூச்சு விடுகிற முறை நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு மாதம். மனநிலை முன்னேறியதில் அதுதான் முதலிடம், உண்மை. ஆனால் பதற்றம் குறைந்ததைப் பார்த்தால், சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனித்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. இதை யாரும் பகிர்வதில்லை.

#7 நாணொலி

நல்ல கேள்வி, இழைக்குத் தேவையானதும்கூட. ஆனால் அந்த ஆய்வுகள் கேட்ட கேள்வி வேறு. ஒரு மாதம் செய்தால் பொதுவாக மன நலம் தேறுகிறதா என்று பார்த்தார்கள். மேசைவிளக்கு கேட்பது கட்டளைக்கு முந்தைய அரை நிமிடம். வெளிமூச்சில் இதயம் தளர்கிறதா என்பதற்கு நாலு வாரம் தேவையில்லை, நாடியைப் பிடித்தால் போதும்.

அப்புறம், மன அழுத்தத்துக்கு இது மருந்து என்று நான் சொல்லவே இல்லை.

#8 சந்தேகப்பேர்வழி

சரி, அந்தப் பிரிவினை நியாயம்தான். நாடி தளர்வதை நானும் மறுக்கவில்லை. நாடி தளர்ந்தால் புத்தி தெளியுமா என்பதுதான் அடுத்த கேள்வி, அது தானாக நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

#9 எட்டாம்படி

மேலே எல்லாரும் மேற்கத்திய ஆய்வாகவே அடுக்குகிறீர்கள். திருமூலர் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்: பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. இதைவிட என்ன வேண்டும்? கும்பகத்தில்தான் மனம் அடங்கும். அடக்குவதை விட்டுவிடு என்று சொல்வது பாதியை வெட்டிப் போடுவது.

#10 மூன்றாவது_ஷிப்ட்

எட்டாம்படி ஐயா, திருமூலர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒரு மாத்திரைக்கு (அந்தக் கணக்கில் ஓர் எண்ணுக்கான கால அளவு) ஒரு விநாடி என்று வைத்தாலே அது ஒரு மூச்சுக்கு 112 விநாடி. நிமிடத்துக்கு ஒரு மூச்சுகூட இல்லை. ஆசானிடம் இருந்து படிப்படியாகப் பழகியவர்களுக்குச் சொன்னதை, நடுராத்திரியில் கைநடுங்க உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் நீண்ட நேரம் மூச்சை அடக்கவே கூடாது.

#11 எட்டாம்படி

பழகாமல் கும்பகம் செய்யச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன் அம்மா. அதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாம். என்றாலும் அந்தக் கணக்கில் ஒன்றைப் பாருங்கள், இழுப்பது 16 என்றால் விடுவது 32. இரண்டு பங்கு. நீங்கள் சொல்கிற ‘மூன்று எண்ணி இழு, ஆறு எண்ணி விடு’ அதே விகிதம்தானே.

#12 நாணொலி

இது எனக்குத் தோன்றவே இல்லை, அருமை. இதோடு சேர்த்துப் படிக்க ஒன்று: 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. 23 பேரை வைத்து, லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொல்ல வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்து நின்றது. அந்த வேகத்தில் ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் மூச்சும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. யாரும் மூச்சை எண்ணச் சொல்லவில்லை, வரியின் நீளமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மேசைவிளக்கு, எண்ணுவது எரிச்சலாக இருந்தால் உங்களுக்குப் பழக்கமான எந்த வரியையாவது மனதுக்குள் ஓட்டியபடி வெளிமூச்சை விடலாம். பக்திப் பாடலாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அலுவலக விதிமுறையில் ஒரு பத்தியாகக்கூட இருக்கலாம், அது எப்படியும் தூக்கம் வரவைக்கும்.

#13 காலிப்பெட்டி

இதற்கெல்லாம் ஆப் இருக்கிறது, வட்டம் பெரிதாகும் சின்னதாகும், கடிகாரமே மூச்சு விடச் சொல்லி அதிரும். எதற்கு இவ்வளவு பேச்சு?

#14 சந்தேகப்பேர்வழி

சர்வர் படுத்துக் கிடக்கும்போது மணிக்கட்டில் ஒன்று அதிர்ந்து ‘மூச்சு விடுங்கள்’ என்று சொன்னால் நான் அதைக் கழற்றி எறிந்துவிடுவேன். பழகும்போது வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

#15 ஜன்னலோரம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு பேனிக் அட்டாக் (திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம்) வருவதுண்டு. என்னைப் போன்றவர்களிடம் “மூச்சைக் கவனி” என்றால் அது எரிகிற இடத்தில் எண்ணெய். கவனித்த உடனே மூச்சு சரியாக வரவில்லையோ என்று தோன்றும், தோன்றியதும் வராமலே போகும்.

எனக்கு உதவிய உளவியல் நிபுணர் மூச்சுப் பயிற்சி எதையும் தரவில்லை. நேர்மாறாக, அவர் முன்னிலையில் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கவைத்துத் தலைசுற்றலை வரவழைத்தார். வந்தது, போனது, நான் சாகவில்லை. அந்த உணர்வைப் பேராபத்து என்று மனம் தப்பாகப் படிப்பதுதான் பேனிக்கைப் பெரிதாக்குகிறது என்று 1986-இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் எழுதினார், அந்த வழியில் வந்த சிகிச்சை இது. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், இந்தச் சிகிச்சையில் இருந்து மூச்சுப் பயிற்சியை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், பலன் குறையவில்லை. மூச்சு எண்ணினால்தான் பிழைப்பேன் என்று ஒரு ஊன்றுகோல் பழகிவிட்டால், அது இல்லாத நாளில் இன்னும் பயம் கூடும்.

அதனால் உங்களுக்கு இது ஒத்துவரவில்லை என்றால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்க வேண்டாம். பார்வையை வெளியே திருப்புங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், எதிரே இருக்கிற பொருளின் ஓரத்தைக் கண்ணால் சுற்றி வாருங்கள். எனக்கு அது போதும்.

#16 மூன்றாவது_ஷிப்ட்

ஜன்னலோரம், ரொம்பத் தேவையான பதிவு. மூச்சு எல்லாருக்கும் பொது மருந்து இல்லை.

இதோடு சேர்த்து நானும் சொல்லிவிடுகிறேன்: நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது என்றால் உட்கார்ந்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை. பதற்றமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம், அதற்காக யாரும் திட்ட மாட்டோம். அதே மாதிரி தண்ணீருக்குள் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கி ‘தயார்’ செய்துகொள்வது உயிருக்கே ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோய், மூச்சு வேண்டும் என்ற எச்சரிக்கையே வராமல் உள்ளேயே மயங்கிவிடுவார்கள். இழைக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மூச்சைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

#17 மேசைவிளக்கு

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலில் விடு என்பது எனக்கு ஒத்துவருகிறது. தலைசுற்றல் இல்லை. நேற்று இரவு ஓர் அழைப்பில் செய்தேன். படபடப்பு குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் கட்டளையைத் தட்டுவதற்கு முன் இன்னொரு தடவை படித்தேன், எந்தச் சர்வரில் இருக்கிறேன் என்று பார்த்தேன். வழக்கமாக அந்த இடத்தில் விரல் முந்திக்கொள்ளும்.

சந்தேகப்பேர்வழி #8-இல் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நாடி தளர்ந்தால் கவனம் கூடுமா?

#18 நாணொலி

நேரடித் தொடர்பு ஒன்று எலிகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்புக் கூட்டம் மூளைத்தண்டில் இருக்கிறது, ப்ரீபாட்சிங்கர் பகுதி என்பார்கள். அதில் இருநூறுக்கும் குறைவான ஒரு சிறு கூட்டம், விழிப்பையும் பரபரப்பையும் ஏற்றுகிற லோகஸ் செரூலியஸ் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. 2017-இல் சயின்ஸ் இதழில் வந்தது. அந்தச் சிறு கூட்டத்தை மட்டும் நீக்கியபோது எலிகள் மூச்சு விடுவதில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் புது இடத்தில் விட்டாலும் பரபரப்பில்லாமல் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருந்தன. மூச்சு எப்படி ஓடுகிறது என்பதை மூளை ஒட்டுக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

#19 சந்தேகப்பேர்வழி

எலிக்குச் சரி. மனிதருக்கு வருவோம், ஏனென்றால் இதில் எல்லாரும் ‘அமைதி’யையே குறியாக வைத்துப் பேசுகிறீர்கள், எனக்கு அது உறுத்துகிறது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் சொன்னது பழைய கதை, ஆனாலும் அடிப்படை சரி: கஷ்டமான வேலைக்குப் பரபரப்பு மிஞ்சினாலும் கெடும், ரொம்பக் குறைந்தாலும் கெடும். நடுராத்திரியில் சர்வரை எழுப்புகிறவர் சாய்வு நாற்காலியில் இருக்கிற ஆளைப் போல ஆகிவிட்டால் அதுவும் ஆபத்துதான். அவருக்கு அந்தப் படபடப்பில் ஒரு பங்கு தேவைப்படுகிறது.

2014-இல் ஹார்வர்டின் அலிசன் உட் புரூக்ஸ் செய்த சோதனைகளில், மேடையில் பேசுவதற்கும் பாடுவதற்கும் கணக்குத் தேர்வுக்கும் முன்னால் “நான் உற்சாகமாக இருக்கிறேன்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள், “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உடம்பு துள்ளிக்கொண்டிருக்கும்போது அதை அமைதி என்று அழைத்தால் அது நம்புமா? துள்ளலை வேலைக்குத் திருப்புவது சுலபம்.

ஆக, #17-இல் மேசைவிளக்கு சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரை சரியான அளவுகோல். படபடப்பு போனதா என்று பார்க்க வேண்டாம், கட்டளையை இரண்டாம் தடவை படித்தாரா, இல்லையா? அவசரமாக ஓடும் கைக்கும் அடுத்த செயலுக்கும் நடுவில் சில விநாடி கிடைக்கிறது. அந்த விநாடியில் என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்து வைத்திருக்கவில்லை என்றால், நிதானமாக மூச்சு விட்டுவிட்டு நிதானமாகத் தப்பான கட்டளையைத் தட்டலாம்.

#20 மூன்றாவது_ஷிப்ட்

கடைசி வரிக்கு நூறு சதவீதம் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் வேலையில் மருந்தை ஊசியில் ஏற்றும்போது பெயர், அளவு, நோயாளி மூன்றையும் வாய்விட்டுப் படிப்போம். நான் வெளிமூச்சை அதோடு கட்டிவிட்டேன். படிக்க ஆரம்பித்தாலே மூச்சு வெளியே போகத்தான் வேண்டும். தனியாக ‘இப்போது மூச்சுப் பயிற்சி’ என்று ஒன்று இல்லாததால் மறக்கவும் மறக்காது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

நேரமே இல்லாதபோது இன்னொரு வழி, #6-இல் சொன்ன அந்தப் பெருமூச்சு. மூக்கால் ஒரு தடவை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் வாய் வழியாக நீளமாக விடுவது. நாம் தெரியாமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிறோம், நுரையீரலில் ஒட்டிப்போன நுண்ணிய காற்றறைகளை மறுபடி விரிப்பதற்கு உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு அது. அதைத்தான் வேண்டுமென்றே செய்கிறோம். ஒன்று, மிஞ்சினால் மூன்று. வரிசையாகச் செய்துகொண்டே போனால் மறுபடி #2-இல் சொன்ன தலைசுற்றலுக்கே திரும்புவீர்கள்.

#21 காலிப்பெட்டி

கிண்டலாக எழுதியது போதும், நிஜமாகவே கேட்கிறேன். இதை எப்போது பழகுவது? பதற்றம் வரும்போது ஞாபகமே வராதே.

#22 நாணொலி

பதற்றம் இல்லாதபோது பழகுவதுதான் ஒரே வழி. ஆனால் படுக்கையில் சாய்ந்துகொண்டு மட்டும் பழகினால் அது படுக்கைக்குத்தான் உதவும். எங்கள் பயிற்சியாளர் ஓடவைத்து, மூச்சிரைக்கும்போதே வில்லை எடுக்கச் சொல்வார். மாடிப்படி ஏறி வந்ததும், இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு நீள வெளிமூச்சு விட்டுவிட்டு ஏதாவது துல்லியமான வேலை செய்து பாருங்கள், ஊசியில் நூல் கோர்ப்பது, கடவுச்சொல்லைத் தப்பில்லாமல் தட்டுவது, எதுவானாலும். அப்புறம் சின்னச் சின்ன எரிச்சல்களில்: கோபமாக ஒரு பதில் எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், போனில் காத்திருக்கவைக்கும்போது. பெரிய நாளில் ஞாபகம் வர வேண்டும் என்றால் சின்ன நாட்களில் கை பழகியிருக்க வேண்டும்.

கை நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்கு முன்: இதயத் துடிப்பைத் தளர்த்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் வில்வித்தையிலும் துப்பாக்கிச் சுடுதலிலும் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரு வீரரிடம் இருந்து இரண்டு பதக்கத்தைப் பிடுங்கினார்கள். மூச்சை இன்னும் யாரும் தடை செய்யவில்லை.

#23 மேசைவிளக்கு

கடைசியாக ஒரு சந்தேகம். தட்டும்போது சரி. ஆனால் அதே அழைப்பில் நடுநடுவே மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே எப்படி இதைச் செய்வது? குரல் நடுங்குவது எனக்கே கேட்கிறது.

#24 மூன்றாவது_ஷிப்ட்

பேச்சே வெளிமூச்சுதான், அதனால் பாதி வேலை முடிந்தது. பதற்றத்தில் நாம் செய்வது என்னவென்றால், வாக்கியத்தை முடிக்காமல் நீட்டிக்கொண்டே போய், காற்றுத் தீர்ந்ததும் வாயால் ‘ஹக்’ என்று ஒரு வாய்க் காற்றை அள்ளிக்கொண்டு மறுபடி ஓடுவது. நோயாளியின் உறவினர்களிடம் பேசும்போது நான் செய்வது: சின்ன வாக்கியம். முற்றுப்புள்ளி. வாயை மூடு. மூக்கால் உள்ளே வரட்டும். அடுத்த வாக்கியம். ஒரு விநாடி மௌனம் உங்களுக்குத்தான் யுகமாகத் தெரியும், எதிரே இருப்பவருக்கு நீங்கள் யோசித்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

பேச ஆரம்பிக்கும் முன் நெஞ்சு நிறையக் காற்றை நிரப்பாதீர்கள், நிரப்பினால்தான் குரல் மேலே ஏறி நடுங்கும். கொஞ்சம் விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். “இன்னும் எவ்வளவு நேரம்” என்று கேட்டால், “பத்து நிமிடத்தில் நிலவரம் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுங்கள்.

#25 சந்தேகப்பேர்வழி

மைக்கை அணைப்பதற்கு ஆய்வு எதுவும் கேட்க மாட்டேன்.